சம்பளம் கூடினால் உடம்பு தேறுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பது ‘ஏழைகளுக்கு ஏன் சர்க்கரை வருகிறது’ என்ற ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வேலை செய்யும் உங்கள் அம்மா ஒல்லி; நெய்யும் இனிப்பும் தீபாவளிக்குத்தான்; அவருக்குச் சர்க்கரை. அவர் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் தினமும் நெய் ஊற்றிச் சாப்பிடுகிறார். அவருக்கு ஒன்றும் இல்லை. இது எப்படி? அடுத்தது, புதுச்சேரி சேதராப்பட்டு கம்பெனியில் வேலை கிடைத்துக் கையில் காசு புழங்க ஆரம்பித்த இரண்டே வருடத்தில் உங்களுக்குத் தொப்பை விழுந்திருக்கிறது. மூன்றாவது, கடலூர் முதுநகரில் உங்கள் தெருவில் எல்லாரும் சொல்வதுபோல இதெல்லாம் ரேஷன் அரிசியின் வேலையா, சம்பளம் இன்னும் கூடி நல்ல அரிசி வாங்கினால் சரியாகிவிடுமா?

நான் மருத்துவர் இல்லை. உணவியல் படித்துவிட்டு, புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கத்திலும் பல வருடங்களாகச் சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவள். உங்கள் அம்மாவைப் பார்க்காமல் அவருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. பொதுவாக என்ன நடக்கிறது என்று சொல்லலாம். என் பதிலின் சாரம் இதுதான்: நம் ஊரில் வருமானம் சோற்றின் அளவைப் பெரிதாக மாற்றுவதில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கும், அது மாதத்தில் எத்தனை நாள் இருக்கும், வீட்டில் யார் தட்டில் இருக்கும் என்பதைத்தான் மாற்றுகிறது. மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். இந்தியா முழுக்க எடுத்துப் பார்த்தால், பணம் கூடக் கூட எடையும் கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மிக ஏழ்மையான பிரிவுப் பெண்களில் பத்தில் ஒருவர்தான் அதிக எடை. வசதியான பிரிவில் பத்துக்கு நாலு பேர். மாநிலவாரியாகப் பார்த்தாலும் அதே கதை. நாட்டின் சராசரி 24 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் 40, புதுச்சேரியில் 46 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சர்க்கரையும் அப்படியே. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ என்ற நாடு தழுவிய சர்க்கரை ஆய்வில் நாட்டின் சராசரி 11.4 சதவீதம், புதுச்சேரி 26.3. கோவாவுக்கு அடுத்த இடம். பெரியவர்களில் நாலில் ஒருவர்! இங்கே ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வேண்டாம் என்று கை காட்டுபவர்களை எண்ணினாலே தெரிந்துவிடும்.

இதை மட்டும் பார்த்தால் ‘காசு வந்தால் கொழுப்பு வரும், ஏழை தப்பித்தான்’ என்று தோன்றும். உங்கள் பாட்டி காலத்தில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் இந்தத் தொடர்பு ஒரு கட்டத்தில் தலைகீழாகத் திரும்பும் என்பது உலக அளவில் வெகுநாளாகத் தெரிந்த சங்கதி. 1989-இல் சோபல், ஸ்டங்கார்ட் என்ற இருவர் அதுவரை வந்த 144 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏழை நாடுகளில் பணக்காரர்கள் குண்டாக இருந்தார்கள். பணக்கார நாடுகளில், குறிப்பாகப் பெண்களிடம், ஏழைகள்தான் குண்டாக இருந்தார்கள். 2004-இல் பிரேசிலின் மொந்தெய்ரோ குழு இன்னும் ஒரு படி போய், ஒரு நாட்டின் தலா வருமானம் அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,500 டாலரைத் தாண்டும்போதே பெண்களின் உடல்பருமன் ஏழைகள் பக்கம் சாயத் தொடங்குகிறது என்று சொன்னது. நாம் அந்தத் திருப்பத்தில்தான் நிற்கிறோம். 2017-இல் வந்த இண்டியாப் முடிவுகளில், தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகிய இடங்களின் நகரப் பகுதிகளில் வசதி குறைந்தவர்களிடம்தான் சர்க்கரை அதிகமாக இருந்தது. ஆகவே உங்கள் அம்மாவும் அந்த வீட்டுக்காரரும் விதிவிலக்கு இல்லை. இப்போது நம் ஊரில் அதுதான் நடப்பு.

ஏன் திரும்புகிறது? வயிற்றை நிரப்பும் கலோரி இன்று மலிவு. உடம்பைக் காக்கும் உணவு மலிவில்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த ஒரு பாக்கெட்டில் எட்டாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. அதாவது ஆயிரம் கலோரிக்கு மூன்று ரூபாய். அதே ஆயிரம் கலோரியைத் தக்காளியில் எடுக்க வேண்டுமானால் ஐந்து கிலோ வாங்க வேண்டும். யாரும் கலோரிக்காகத் தக்காளி வாங்குவதில்லை என்பது சரி. ஆனால் கையில் இருக்கும் இருநூறு ரூபாயில் நாலு வயிறு நிறைய வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். அவரை அறியாமை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகை 85, காய்கறி கீரை 400, பழம் 100, பால் 300 மில்லி, வேர்க்கடலை போன்ற கொட்டைகள் 35, எண்ணெய் 27 கிராம். இதை நாலு பேர் வீட்டுக்கு மாதக் கணக்காக மாற்றினால் பருப்பு பயறு மட்டும் பத்து கிலோ வருகிறது. ரேஷனில் துவரம்பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. மீதி ஒன்பது கிலோவுக்கு வெளிக்கடைதான். காய்கறி 48 கிலோ, பால் 36 லிட்டர், பழம் 12 கிலோ. உழவர் சந்தை விலையில் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அரிசி, மீன், மசாலா, கேஸ் எதுவும் சேர்க்காமலே மாதம் ஆறாயிரத்து ஐந்நூறிலிருந்து ஏழாயிரம் ரூபாய் ஆகிறது. உங்கள் சம்பளமும் அம்மா சம்பளமும் சேர்ந்து 26 ஆயிரம், அதில் வாடகையும் வண்டித் தவணையும் போக மிஞ்சுவது என்ன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வழிகாட்டியில் தப்பில்லை. ஆனால் ‘காய்கறி நிறைய சாப்பிடுங்கள்’ என்று ஒரு வரியில் எழுதிக் கொடுப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

தட்டு எப்படி இருக்கிறது என்பதைக் கிட்டத்திலிருந்து காட்டுகிறேன். எங்களிடம் வருபவர்களிடம் ‘எவ்வளவு சோறு சாப்பிடுவீங்க’ என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ‘கொஞ்சம்தாங்க.’ அதனால் அப்படிக் கேட்பதே இல்லை. ‘வீட்டில் எத்தனை பேர், நாளைக்கு எத்தனை டம்ளர் அரிசி போடுறீங்க’ என்றுதான் கேட்போம். வில்லியனூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை. வீட்டில் நாலு பேர், நாளைக்கு ஏழு டம்ளர். அவர் வீட்டு டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி நிறுத்தோம். தலைதட்டி 180 கிராம். ஆளுக்கு 315 கிராம் அரிசி, அதாவது சோற்றிலிருந்து மட்டும் 1,100 கலோரி. உட்கார்ந்த வேலை செய்யும் பெண்ணுக்கு நாள் முழுவதற்குமே 1,660 கலோரி போதும் என்பது ஐ.சி.எம்.ஆரின் 2020 கணக்கு. மூன்றில் இரண்டு பங்கு சோறே கொடுத்துவிட்டது.

அவர் ஒரு நாள் சாப்பாட்டைக் கேளுங்கள். காலை ஆறு மணிக்கு டீ, இரண்டு பொறை. பதினொன்றுக்கு டீ, ஒரு மசால்வடை. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு, முந்தின நாள் புளிக்குழம்பு, அப்பளம். சாயங்காலம் டீ. இரவு ஒன்பதரைக்குச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். இதில் அதிகமாகத் தின்று கொழுத்தார் என்று சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் புரதம் 46 கிராமாவது வேண்டிய இடத்தில் முப்பதைத் தாண்டவே கஷ்டப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் அரிசியிலிருந்து. கீரை இல்லை, பழம் இல்லை. ‘முட்டை, மீன் எல்லாம் சாப்பிட மாட்டீங்களா’ என்றேன். ‘ஒண்ணாந்தேதிக்கு வந்து கேளுங்க, எல்லாம் இருக்கும்’ என்றார். பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்: கீரை வாங்கினால் அதை ஆய ஆள் வேண்டும். காலையில் கிளம்பி மூன்று மணி வரை வேலை பார்ப்பவருக்குப் பதினைந்து ரூபாய் கீரைக்கட்டின் விலையைவிட அதற்கு ஆகும் அரைமணி நேரம்தான் கட்டுப்படியாகாதது. வருமானம் என்று நாம் பேசும்போது இந்த நேரக் கணக்கு விட்டுப்போகிறது.

இப்போது உங்கள் தொப்பைக்கு வருகிறேன். உங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கடும் உழைப்பாளி ஆணுக்கு ஐ.சி.எம்.ஆர். கணக்கில் நாளைக்கு 3,470 கலோரி; உட்கார்ந்த வேலைக்கு 2,110. வித்தியாசம் 1,360. அப்பா சாப்பிட்ட தட்டு உங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது, உழைப்பு மட்டும் போய்விட்டது. அதன் மேல் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் சால்னாவோடு மூன்று பரோட்டா என்பது பசிக்குத் தின்பது மட்டுமில்லை. சம்பாதிக்கிறோம் என்ற நினைப்பும், கூட்டாளிகளோடு நிற்கும் அந்த இருபது நிமிடமும் அதில் சேர்ந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று பரோட்டா எண்ணூறு கலோரியைச் சுலபமாகத் தொடும். நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அது தனியாக இருநூறு. வீட்டுச் செலவுக் கணக்கெடுப்புகளிலும் இதே மாற்றம் தெரிகிறது. 1999-2000இல் கிராமத்துக் குடும்பம் நூறு ரூபாய் செலவில் 22 ரூபாயைத் தானியத்துக்குக் கொடுத்தது. 2022-23இல் ஐந்து ரூபாய்க்கும் கீழ். அதே வருடத்தில் குளிர்பானம், நொறுக்கு, கடையில் வாங்கித் தின்பது எல்லாம் சேர்ந்து பத்து ரூபாயை நெருங்கிவிட்டது. காசு வந்ததும் முதலில் தட்டுக்கு வருவது பழம் இல்லை. பரோட்டாவும் பிஸ்கட்டும்தான். இதில் நீங்கள் மட்டும் தனி ஆள் இல்லை.

அம்மா விஷயம் வேறு. ஒல்லியாக இருந்தால் சர்க்கரை வராது என்ற நம்பிக்கை வெள்ளைக்காரர்களின் உடம்பை வைத்து எழுதிய பாடப் புத்தகங்களிலிருந்து வந்தது. 2004-இல் புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் இருவர் புகைப்படத்தையும் லான்செட் மருத்துவ இதழில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. 23-க்கு மேலேயே எச்சரிக்கை என்று வைத்திருக்கிறார்கள். எடை மெஷினைவிட டெய்லரின் டேப் நல்லது: இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. கை கால் குச்சியாக இருந்து, புடவை மறைக்கும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களை யாரும் குண்டு என்று சொல்வதில்லை, அவர்களும் சோதித்துக்கொள்வதில்லை.

இதன் வேர் பிறப்புக்கு முன்னாலேயே இருக்கலாம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகள் ஐம்பது வயதில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்தவர்களாக இருந்தார்கள். உங்கள் பாட்டி கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வருமானம் என்றால் இன்றைய சம்பளம் மட்டுமில்லை, இரண்டு தலைமுறைக்கு முந்தைய வறுமையும் அதில் சேர்த்தி. உங்கள் அம்மாவுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பொருந்துகிறது என்கிறேன், அவ்வளவே.

இன்னொன்று, நம் வீடுகளில் அம்மா கடைசியில் சாப்பிடுவார். மீன்குழம்பு வைத்தால் நடுத்துண்டு அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும். அவருக்குத் தலையும் குழம்பும். குழம்பு ருசியாக இருக்கிறதே என்று இன்னொரு கரண்டி சோறு. குடும்ப வருமானம் என்ற ஒற்றை எண்ணுக்குள் இத்தனை தட்டுகள் மறைந்திருக்கின்றன. ‘எங்க வீட்டுல வாரம் மூணு நாள் மீன்’ என்று சொல்லும் மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்கும் ரத்தசோகை இருப்பதை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வசதியான வீடுகளிலும் இது பெரிதாகக் குறைந்துவிடவில்லை. காசு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, ரேஷன் அரிசி. அரசு கொடுக்கும் புழுங்கல் அரிசிக்கும் நீங்கள் கிலோ அறுபது ரூபாய்க்கு வாங்கும் பொன்னிக்கும் சர்க்கரை விஷயத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. புழுங்கல் என்பதால் பச்சரிசிச் சோற்றைவிட ரத்தத்தில் சர்க்கரையைச் சற்று மெதுவாகத்தான் ஏற்றும். அதில் மிதக்கும் சில மணிகளைப் பார்த்து பிளாஸ்டிக் அரிசி என்று பயப்படுகிறார்கள். அது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி, பொறுக்கி எறிய வேண்டாம். கேள்வி எந்த அரிசி என்பதில் இல்லை, எவ்வளவு என்பதில் இருக்கிறது. 21 நாடுகளில் நடந்த ‘ப்யூர்’ ஆய்வின் 2020 முடிவுப்படி, தெற்காசியாவில் நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை வரும் ஆபத்து 61 சதவீதம் அதிகம். 450 கிராம் என்பது வெந்த சோறு. வில்லியனூர் அக்கா அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சாப்பிடுகிறார். அப்புறம், பழைய சோறு சாப்பிட்டால் சர்க்கரை வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். வெயிலுக்கு நல்லது, வயிற்றுக்கும் நல்லது. ஆனால் சோறு சோறுதான்.

இதுவரை சொன்னது ஓரளவு உறுதியானவை. இனி, ‘சம்பளம் கூடினால் சரியாகிவிடுமா’ என்ற கேள்விக்கு வந்தால் தரை கொஞ்சம் வழுக்குகிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்புகள். பணம் குறைவாக இருப்பதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் பணம் கரைந்ததா என்று அவை சொல்லாது. காலில் புண் வந்து மூன்று மாதம் வேலைக்குப் போகாத கொத்தனார் அந்தக் கணக்கெடுப்பில் ‘ஏழை நோயாளி’ என்று பதிவாவார். நோய்தான் அவரை ஏழையாக்கியது என்பது அதில் தெரியாது. படிப்பு, வேலை, குடியிருக்கும் இடம் எல்லாம் வருமானத்தோடு பின்னிக் கிடக்கின்றன, பிரித்தெடுப்பது கஷ்டம்.

பிரித்துப் பார்க்க முயன்ற சில ஆய்வுகள் இருக்கின்றன. மெக்சிகோவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுத்த திட்டத்தை 2008-இல் ஆராய்ந்தபோது, அதிகப் பணம் வாங்கிய குடும்பங்களில் பிள்ளைகள் உயரமாக வளர்ந்திருந்தார்கள், பிள்ளைகளிடம் அதிக எடையும் குறைவு. ஆனால் அதே திட்டத்தில் பெரியவர்களின் எடையும் ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. அதே பணம்தான், பிள்ளைக்கு ஒரு விதமாகவும் பெற்றவருக்கு வேறு விதமாகவும் வேலை செய்திருக்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் 98 வரை நடந்த இன்னொரு சோதனையில் ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற உதவினார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பெண்களிடம் கடும் உடல்பருமனும் சர்க்கரையும் குறைந்திருந்தன. தெருவும் அக்கம்பக்கமும் உடம்பில் இறங்குகின்றன என்று தெரிகிறது. இவற்றை அப்படியே முதுநகருக்குப் பொருத்த முடியாது. மெக்சிகோ வேறு, நாம் வேறு. ஆனாலும் பணம் வந்தால் தானாகவே உடம்பு தேறும் என்று நினைப்பதற்கு இவை இடம் கொடுக்கவில்லை.

நம் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. அங்கே 2015-இல் தொடங்கி ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். பிறகு கடைகள் மூடிக் கிடந்து, 2024-இல் தான் மறுபடி திறந்தார்கள். அந்த வருடங்களில் என்னிடம் வந்த பெண்கள் பலர் சொன்னது ஒன்றுதான்: அரிசி வந்தால் அது உலைக்குத்தான் போகும், பணம் வந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. புதுச்சேரியில் மது என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இது நான் கேட்டது மட்டுமே, ஆய்வு முடிவு இல்லை. பணமாகக் கொடுப்பதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. யார் கையில் வருகிறது என்பது முக்கியம் என்கிறேன்.

ஆகவே அடுத்த முறை சம்பளம் ஆயிரம் ரூபாய் கூடினால் என்ன செய்யலாம் என்று யோசனை சொல்கிறேன். பொன்னி அரிசிக்கு மாற வேண்டாம். ரேஷன் அரிசியே இருக்கட்டும், நாளைக்கு ஒரு டம்ளர் குறையுங்கள். அந்த இடத்தை நிரப்ப வேண்டும், இல்லையென்றால் பசி எடுத்து இரவில் பொறையும் பிஸ்கட்டும் வந்து உட்காரும். காராமணி (தட்டைப்பயறு), கொண்டைக்கடலை, மொச்சை இவற்றில் ஏதாவது தினம் ஒரு கைப்பிடி ஊறவைத்துக் குழம்பிலோ சுண்டலாகவோ போடலாம். பண்ருட்டி முந்திரி நமக்குக் கட்டுப்படியாகாது, வேர்க்கடலை போதும். முட்டை ஆளுக்கு ஒன்று, வாரம் நாலைந்து நாள். மீன் வாங்கும்போது வஞ்சிரத்தையும் வவ்வாலையும் பார்க்காமல் மத்தி, கவலை, நெத்திலி பக்கம் போங்கள். விலை குறைவு, சத்தில் வஞ்சிரத்துக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச்சத்தும் வரும். வறுக்காமல் குழம்பு வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அப்போது எல்லாரும் கருவாட்டுக்குப் போவார்கள். உப்பு அதிகம், ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு வேண்டாம்; அந்த இரண்டு மாதமும் முட்டையையும் பயறையும் கூட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் முதல் தேதியிலேயே வாங்கி வையுங்கள். பயறும் கடலையும் கெடாது, இருபதாம் தேதிக்கு மேலும் டப்பாவில் இருக்கும்.

உங்களுக்கு டீயில் சர்க்கரையைப் பாதியாக்குவதும், பரோட்டாவை வாரம் ஒரு நாளாக்குவதும், கூட ஒரு ஆம்லெட் சேர்த்துக்கொண்டு பரோட்டாவை ஒன்றோடு நிறுத்துவதும் முதல் மூன்று மாதத்துக்குப் போதும். இளைஞர்களுக்கு இதிலேயே இடுப்பு இறங்கும். இறங்கவில்லை என்றால் தைராய்டு, தூக்கம் பற்றி ஒரு மருத்துவரிடம் பேசுங்கள்.

அம்மாவுக்கு இந்த யோசனையில் பாதி பொருந்தாது. ஒல்லியான சர்க்கரைக்காரருக்கு எடை குறைக்கும் அறிவுரை ஆபத்து. ‘சோற்றைக் குறை’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர் ஒரு வேளை பட்டினி கிடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் நிறுத்துங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழலாம். அவருக்குச் சோறு சற்றுக் குறைந்தாலும் மொத்தச் சாப்பாடு குறையக் கூடாது. முட்டையும் பயறும் முதலில் அவர் தட்டில் விழ வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனால், சுரக்கும் இன்சுலினே போதவில்லையா, கணையத்தில் கோளாறா என்று மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். அது உணவியல்காரர் வேலை இல்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம், அதை நம்பி மாத்திரையை ஏற்றிவிடுவார்கள். நீங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பதால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவிடுங்கள். அங்கே போகும்போது கடந்த ஆறு மாத எடையை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். தனியாகக் கேட்டால் ‘எப்பவும் இப்படித்தான் இருப்பேன்’ என்றுதான் சொல்வார்.